கடைசி ஓர் அங்குலம்



நகரத்தில் வளரும் நம்முடைய வாலிபப் பிள்ளைகள் பலருக்குக் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் ஓட்டுகிற ஸ்கூட்டரில் அது கையில் அகப்படுவதில்லை. புதிதாக வருகிற கார்கள் பலவற்றில் இடது காலுக்கு வேலையே இல்லை. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய வாகனம் ஒன்றில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் காலடியில் மூன்று பெடல்கள் இருக்கும். வலது ஓரத்தில் இருப்பது வேகத்துக்கு. நடுவில் இருப்பது பிரேக். இடது ஓரத்தில் இருப்பதுதான் கிளட்ச். என்ஜின் எப்பொழுதும் சுழன்றுகொண்டே இருக்கிறது. சக்கரமோ சில வேளை ஓட வேண்டும், சில வேளை நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறது. அதற்குக் கிளட்ச் பிளேட் என்று பெயர். வலுவான ஸ்பிரிங்குகள் அந்தத் தகட்டை என்ஜினோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கின்றன. நீங்கள் பெடலை மிதிக்கும்போது பிடி தளர்கிறது. காலை எடுக்கும்போது பிடி திரும்புகிறது. மற்ற இரண்டு பெடல்களிலும் மிதித்தால்தான் காரியம் நடக்கும். கிளட்சில் மட்டும் காலை எடுத்தால்தான் வண்டி போகும்.

அப்படியானால், மிதித்த பெடல் திரும்பி மேலே வராவிட்டால் என்ன ஆகும்? இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊழியக்காரன் வண்டி ரிப்பேரைப் பற்றி எழுதுவதா என்று நினைக்காதிருங்கள். நம்முடைய ஆண்டவர் ஏறக்குறைய முப்பது வயதுவரை தச்சுத்தொழிலோடு வாழ்ந்தவர்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சென்றால் மாட்டுப்பட்டி வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். சுற்றுலா வருகிறவர்கள் அணையையும், யானைகள் இறங்கும் புல்வெளியையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1963-இல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய கால்நடைப் பண்ணையும் அங்கே இருக்கிறது. மாடு அடைக்கும் பட்டி என்கிற பெயருக்கு அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஆனால் இந்த இதழை வாசிக்கிறவர்களில் சிலருக்கு மாட்டுப்பட்டி சுற்றுலா இடம் அல்ல. அம்மா கொழுந்து பறித்த இடம், அப்பாவை அடக்கம்பண்ணின இடம். நெல்லை, மதுரை, தேனிச் சீமைகளிலிருந்து மலையேறிய நம் முன்னோர் தேயிலையோடு வளர்ந்த பூமி அது. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு சேர்ந்தது. லயங்களில் பேச்சு தமிழாகவே இருந்துவிட்டது.

அந்தச் சாலையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் நம்புவீர்களா? 1902-இல் காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது. 1908-இல் அது சிறிய ரயிலாக மாறியது. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் தேயிலைப் பெட்டிகள் போய், அங்கிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. பின்னாட்களில் எஸ்டேட்டின் மண்பாதைகளுக்கு ஏற்ற வாகனமாக ஜீப் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் மகேந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அந்த வடிவங்கள் நின்றுபோன பின்பும் இங்கே அவை பல்லாண்டுகள் வந்துகொண்டிருந்தன. பிரசவத்துக்கும் ஜீப், பிரேதத்துக்கும் ஜீப் என்று மலைக்காரர் சொல்லுவார்கள்.

இந்தப் பழைய ஜீப்புகளில் கிளட்ச் பெடல் தரைத்தகட்டைத் துளைத்துக் கீழே போகிறது. அது அசைகிற அச்சு வண்டியின் அடியில், சேறும் தண்ணீரும் படுகிற இடத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்து மூணாறு மழையில் அந்த அச்சின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை, இரண்டாவது வெள்ளிக்கிழமை, மாட்டுப்பட்டியைத் தாண்டிய ஒரு லயத்தில் வீட்டுக்கூட்டம் நடத்துகிறோம். கோயம்புத்தூரில் நம் சபைக்கு வருகிற சில குடும்பங்களின் சொந்தங்கள் அங்கே இருப்பதால் தொடங்கிய ஊழியம் அது. 2022 ஜூனில் அப்படிப் போனபோது, சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிற விசுவாசத் தம்பி ஒருவர் மூணாறு பஸ் நிலையத்திலிருந்து என்னை ஏற்றிக்கொண்டார். பின்னால் நான்கு சகோதரிகள் இருந்தார்கள். அணையைக் கடந்து தார்ச்சாலையை விட்டு எஸ்டேட் பாதையில் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் என்ஜின் அலறியது, வண்டி ஏறவில்லை. கருகின வாடை வந்தது. தம்பி காலை எடுத்துவிட்டார். ஆனால் பெடல் முழுவதும் மேலே வரவில்லை. அவர் பாதத்தைப் பெடலுக்கு அடியில் கொடுத்து விரல் நுனியால் தூக்கிவிட்டதை நான் பார்த்தேன். மூன்று வாரமாக அப்படித்தான் ஓட்டுகிறாராம்.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த ஒரு சகோதரி, கூட்டத்தைத் தடைசெய்யச் சத்துரு எழும்பியிருக்கிறான் என்று உரத்த சத்தமாய்க் கட்டி ஜெபிக்கத் தொடங்கினார். நானும் ஆமென் சொன்னேன். அந்த ஜெபத்தை இகழ்ந்து இதை எழுதவில்லை. இருட்டும் வேளையில், யானை நடமாடும் பாதையில், வண்டி நின்றுவிட்டால் நீங்களும் ஜெபிப்பீர்கள். ஆனால் ஜெபம் முடிந்த பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம்.

சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டுத் தம்பி பக்கத்து லயத்திற்கு ஓடினார். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் நெடுநாள் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

“தம்பி, மிதிச்சா அடியிலேயே நிக்குதா, பாதி வந்து நிக்குதா, இல்ல மேல வந்து கடைசியில சோம்பலா நிக்குதா?”

“கடைசியிலதான் மாமா.”

“விரலால தூக்கினா சும்மா வருதா, இழுத்துக்கிட்டு வருதா?”

தம்பிக்கு அது தெரியவில்லை.

“மழைக்கு முன்னயே இப்படியா, மழை பிடிச்ச பிறகா?”

“மழைக்கு அப்புறம்தான்.”

இந்தக் கேள்விகள் எதற்கு என்று பின்னர் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். வண்டியே வைத்திராதவர்களும் பொறுமையோடு வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

பெடலைத் திருப்பி அனுப்புகிறவை இரண்டு. ஒன்று உள்ளே இருக்கிற பலத்த ஸ்பிரிங்குகள். தகட்டை அழுத்திப் பிடிப்பவை அவைதாம். நீங்கள் காலை எடுத்ததும் அவை எதிர்த்துத் தள்ளுகிற வேகத்தில் பெடல் பெரும்பங்கு தூரம் மேலே வந்துவிடுகிறது. ஆனால் ஓர் எல்லையோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். ரிலீஸ் பேரிங் என்று ஒன்று உள்ளே இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது அதுதான் போய் ஸ்பிரிங்குகளின் விரல்களை அழுத்துகிறது. காலை எடுத்தபின் அது விரல்களை விட்டு விலகி ஓய்ந்திருக்க வேண்டும். அப்படி விலகுகிற தூரம் பெடலில் ஏறக்குறைய ஓர் அங்குலம். இதை மெக்கானிக்குகள் ‘பிளே’ என்கிறார்கள். அந்தக் கடைசி ஓர் அங்குலத்துக்கு உள்ளே இருக்கிற பெரிய ஸ்பிரிங்குகள் உதவா. வெளியே பெடலுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே கொக்கி போட்டு மாட்டியிருக்கிற, விரல் பருமனுள்ள ஒரு சிறிய ஸ்பிரிங்தான் அதை இழுத்துக்கொண்டுபோய் இடத்தில் சேர்க்கிறது.

ஆகவே பெடல் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் கோளாறு எங்கே என்பது பாதி தெரிந்தாயிற்று. பாரமே இல்லாமல் தொபுக்கென்று அடியில் விழுந்து கிடந்தால், இணைப்புக் கம்பியோ அதன் ஊசியோ கழன்றிருக்கலாம். பாரத்தோடு அடியிலோ பாதியிலோ நின்றால், உள்ளே ஃபோர்க்கோ பேரிங்கோ சிக்கியிருக்கும், அல்லது பிரஷர் பிளேட் கெட்டிருக்கும். அதற்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கடைசி அங்குலத்தில் தயங்கினால் மட்டும், வெளியே இருக்கிற சின்ன ஸ்பிரிங்கையும் பெடல் அசைகிற அச்சையும் பார்த்தால் போதும். இதை அறியாதவர் முதலிலேயே கியர் பாக்ஸை இறக்கிவிடுவார். அறியாதவர்தான் அதிகம் கேட்பார், கூலியை!

பெரியவர் ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்தார். டார்ச்சை நான் பிடித்தேன். ஸ்பிரிங் இருந்தது, ஆனால் அது ஜீப்பின் ஸ்பிரிங் அல்ல. பழையது ஒடிந்தபோது சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அது நீண்டு தொய்ந்துபோயிருந்தது. “அப்ப ஸ்பிரிங்தானே, மாத்திடுங்க” என்றார் தம்பி. பெரியவர் மாற்றவில்லை. அந்தத் தொய்ந்த ஸ்பிரிங்கையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பெடலைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கச் சொன்னார். ஸ்பிரிங் இல்லாதபோது அந்த ஓர் அங்குலத்தில் பெடல் இலேசாக ஆட வேண்டும். ஆடவில்லை, மணலில் இழுப்பதுபோல வந்தது. அச்சு இறுகியிருந்தது. மாதாமாதம் கிரீஸ் அடிக்கிறேனே என்று தம்பி சொன்னார். அடித்தது உண்மைதான். ஆனால் கிரீஸ் நிப்பிளின் வாயில் மண் இறுகிப்போனதால் கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே பூசிக்கொண்டு நின்றது. புது ஸ்பிரிங்கை மட்டும் மாட்டியிருந்தால் இரண்டு வாரம் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மழையில் அதுவும் தோற்றிருக்கும்.

இவ்வளவும் பெடல் திரும்பாததற்குக் காரணம். வண்டி ஏறாததற்குக் காரணம் வேறு. அதைப் பெரியவர் கடைசியில் கண்டுபிடித்தார். பெடல் மேலே தொளதொளவென்று கிடப்பதைப் பார்த்த எவரோ ஒருவர், கிளட்ச் தளர்ந்துவிட்டது என்று எண்ணி, இணைப்புக் கம்பியின் நட்டை முறுக்கிக் கம்பியைக் குறுக்கிவிட்டிருக்கிறார். நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் அதனால் அந்த ஓர் அங்குல இடம் இல்லாமற்போயிற்று. பேரிங் விலகி ஓய்வதற்கு இடமில்லாமல் இரவும் பகலும் விரல்களை அழுத்திக்கொண்டே இருந்தது. தகட்டின் பிடி அரைகுறையாயிற்று. சமநிலத்தில் அது தெரியவில்லை. ஆறுபேரோடு மேடேறும்போது தகடு வழுக்கிக் கருகியது.

“அந்தத் தளர்வு நோய் இல்லீங்க பாஸ்டர் ஐயா. அது இருக்கணும்” என்றார் பெரியவர்.

கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் அச்சைக் கழுவினார். நிப்பிளைக் கழற்றி ஊசியால் குத்தித் திறந்தார். கிரீஸ் மறுபக்கம் பிதுங்கி வருகிறவரைக்கும் அடித்தார். தம் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து சரியான ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவரச் செய்து மாட்டினார். பிறகு நட்டைத் திருப்பி, பெடலை விரலால் அழுத்தி, தீப்பெட்டியின் அகலத்தைச் சேர்த்து வைத்து அளவு பார்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கூட்டம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிற்று.

ஜீப்பில் மீதித் தூரம் போகும்போது 2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரம் நினைவில் ஓடிற்று. தீர்க்கதரிசிகளின் புத்திரர் தாங்கள் குடியிருந்த இடம் நெருக்கமாயிருந்தபடியால் வேறு இடம் கட்டப் போனார்கள். இடம் போதாமல் கிளம்பினவர்கள் என்றால் உங்களுக்கு அவர்கள் அந்நியர் அல்லர். மரம் வெட்டும்போது ஒருவனுடைய கோடரியின் இரும்பு யோர்தானில் விழுந்தது. அதுவும் இரவல் கோடரி. எலிசா நினைத்திருந்தால் நின்ற இடத்திலிருந்தே ஜெபித்திருக்கலாம். இரும்பை மிதக்கப்பண்ணுகிற தேவனுக்கு, அது கிடக்கும் இடம் தெரியாதா? ஆனாலும் அற்புதத்துக்கு முன்னே அந்தத் தேவமனுஷன் கேட்டது ஒரே கேள்வி: விழுந்த இடம் எது என்பது. யார் கவனக்குறைவு என்று கேட்கவில்லை. இரவல் பொருளை இப்படியா கையாளுவது என்று கடிந்துகொள்ளவில்லை. அவன் இடத்தைக் காட்டினான். அதன் பிறகே கொம்பு வெட்டப்பட்டது. வேதாகமக் கல்லூரியில் இந்தப் பகுதியை நாங்கள் அற்புதங்களின் வரிசையில் படித்தோம். கேள்வியை யாரும் அடிக்கோடிடவில்லை.

அன்றிரவு ஜெப விண்ணப்பங்களைக் கேட்டபோது, அறுபதை நெருங்குகிற ஒரு தாயார் எழுந்து நின்றார். (இதை அவரும் அவர் மகனும் வாசித்துச் சம்மதித்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன். அவர்கள் எடுக்கச் சொன்ன இரண்டு வரிகள் இங்கே இல்லை.) திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைசெய்கிற மகன் பின்வாங்கிப் போனான், உபவாசித்து ஜெபியுங்கள் என்றார். இன்னும் மூன்று மாதத்தில் தமக்கு ஓய்வு. லயத்து அறையைக் காலிசெய்ய வேண்டும். எங்கே போவதென்று தெரியவில்லை. எஸ்டேட் வாழ்க்கையை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு. பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்கு இருந்தால் தங்கலாம். இல்லையென்றால் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த சுவர்களானாலும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

நகரத்தின் ஆவி அவனைப் பிடித்துக்கொண்டது என்று ஒருவர் சொன்னார். கூட்டம் முடிந்து கட்டன் சாயா குடிக்கும்போது அந்தத் தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்து, மெக்கானிக் பெரியவர் கேட்டதுபோலவே நானும் கேட்டேன். மகன் பணம் அனுப்புகிறாரா? மாதம் 10-ஆம் தேதி தவறாமல் வருகிறது. போன் பேசுகிறாரா? பேசுகிறான், நாலு வார்த்தை. ஊருக்கு வருகிறாரா? கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிறான், ராத்திரி தங்குவதில்லை. அப்படியென்றால் பெடல் அடியில் விழுந்து கிடக்கவில்லை. உள்ளே இருக்கிற பலத்த ஸ்பிரிங் வேலைசெய்துகொண்டுதான் இருக்கிறது. எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். 2019 கிறிஸ்துமஸிலிருந்து.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில், சாட்சி நேரத்தில், பையனுடைய தாய்மாமன் எழுந்து, சீட்டு நடத்தி ஏமாந்து மருமகன் கடன்பட்டிருக்கிறான் என்று தொகையோடு சொல்லி ஜெபிக்கக் கேட்டிருக்கிறார். அன்பினால்தான் கேட்டார். மகன் மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன் பின்பு மாமன் ஒவ்வொரு ஞாயிறும் போன்செய்து, இன்று எந்த வசனத்தில் பிரசங்கம் என்று கேட்டுச் சரிபார்த்து வந்திருக்கிறார். தளர்வைக் கண்டவர் நட்டை முறுக்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் உவமையாக்குகிற பழக்கம் நம் பிரசங்கிகளுக்கு உண்டு. மகன் வண்டி அல்ல, கிரீஸ் அடித்துச் சரிசெய்வதற்கு. பாவம் என்று ஒன்று இல்லை, எல்லாம் பழுதுதான் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் சாட்சி நேரத்தில் பிறருடைய கடனையும் நோயையும் குடும்பச் சண்டையையும் ஜெப விண்ணப்பம் என்கிற பெயரில் ஒலிபெருக்கியில் சொல்லுகிற வழக்கம் நம் பெந்தெகொஸ்தே சபைகளில் எத்தனை பேரைக் கடைசி வரிசைக்குத் தள்ளியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பவுல் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிலேமோனுக்கு மட்டுமல்ல, அவன் வீட்டில் கூடிவருகிற சபைக்கும் எழுதப்பட்டது. ஒநேசிமு பட்டிருக்கக்கூடிய கடனை அப்போஸ்தலன் அதில் குறிப்பிடுகிறார். அதைத் தம்முடைய கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லுகிறார். எவ்வளவு என்று எழுதவில்லை.

திருப்பூர் எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். அடுத்த வாரம் போனேன். பின்வாங்கினவர் என்று சொல்லப்பட்ட அந்த மகன், ஊத்துக்குளி சாலைப் பக்கம் ஒரு சிறிய சபைக்கு ஒவ்வொரு ஞாயிறும் போய்க்கொண்டிருக்கிறார். ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னே எழுந்து வந்துவிடுவாராம், யாரும் விசாரிக்காதபடி. மாமனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா வசனம் கேப்பாரு” என்றார்.

நான் அவருக்கு ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன், அவ்வளவுதான். தாய்மாமனிடம் பேசினேன். கடினமான பேச்சு. முதலில் கோபப்பட்டார், பிறகு ஞாயிற்றுக்கிழமை போனை நிறுத்த ஒப்புக்கொண்டார். தாயாரிடம், ஒரு மாதம் மகனிடம் சபையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கேட்காமல், என்ன சமைத்தாய் என்று மட்டும் கேளுங்கள் என்றேன். அவருக்கு அது பெரிய உபவாசமாய் இருந்தது. நான்காவது வாரம் மகனே கேட்டிருக்கிறார்: சாவியை என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்று.

கடன் இன்னும் தீரவில்லை. மாமனும் மருமகனும் பேசிக்கொள்வது இன்றைக்கும் அளவோடுதான்.

பழைய கார் வைத்திருக்கிற வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. கோளாறு என்று சொல்லிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போவதற்கு முன்னே காலடி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்; ரப்பர் பாய் மடிந்து பெடலைத் தடுப்பது உண்டு. 2014-ஓடு நின்றுபோன மாருதி 800 போன்றவற்றில் கிளட்சுக்குக் கேபிள் இருக்கிறது. உள்ளே கம்பி இழை பிரிந்தாலும் துருப்பிடித்தாலும் பெடல் இழுத்துக்கொண்டு வரும். கேபிளை மாற்றிவிடுவதே நல்லது. ஹைட்ராலிக் முறையிலுள்ள வண்டிகளில் இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பெடல் எழும்புகிறது என்றால், எண்ணெய் கசிகிறதா, குழாயில் காற்று புகுந்ததா என்று பார்க்க வேண்டும். பழைய ரப்பர் குழாய் உட்புறம் வீங்கினால், போன எண்ணெய் திரும்பி வராமல் கிளட்ச் பாதியில் நின்றுகொள்ளும். அதில் பிரேக் ஆயிலைத் தவிர என்ஜின் ஆயிலை ஒரு சொட்டும் ஊற்றாதிருங்கள், வாஷர்கள் ஊதிப்போகும். மலையிறங்கும்போது கிளட்சை மிதித்துக்கொண்டு இறங்காதிருங்கள். கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டாத நேரத்தில் பெடலின்மேல் காலை இளைப்பாற வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. நாம் இளைப்பாறுகிறோம், பேரிங் இளைப்பாறுவதில்லை.

அந்தத் தாயார் செப்டம்பர் மாதம் சாவியைக் கொடுத்தார். சாமான்களை ஏற்றிக்கொண்டு இறங்கியது அதே ஜீப்தான். மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்குப் போனோம். நானும் கூட இருந்தேன். ஒரு தகரப் பெட்டி, இரண்டு சாக்கு, ஒரு பித்தளை அண்டா, கணவருடைய கம்பளி. தம்பியின் இடது கால் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. சந்தன மரங்கள் வேலிக்குள் நிற்கிற இடம்வரை தாயார் பேசவில்லை. சின்னாறு சோதனைச்சாவடி தாண்டியதும் வெயில் உறைத்தது. ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு வெளியே மகன் ஒரு சரக்கு ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தார். அரை நாள் சம்பளம் போகும் என்று தாயார்தான் முதலில் சொன்னார். போகட்டும் என்று சொல்லி அவர் அண்டாவை இறக்கினார்.